தேர்தல் பேச்சில் தர்க்கப் பிழையை எப்படிக் கண்டுகொள்வது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். தர்க்கப் பிழைகளின் பட்டியல் ஒன்றைப் படித்து மனதில் ஏற்றிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு எந்தத் தேர்தல் பேச்சைக் கேட்டாலும் வரிக்கு வரி பிழையாகத் தெரிகிறது. நண்பரோ, "உனக்குப் பிடிக்காதவர்கள் பேசினால் மட்டும்தான் உனக்குப் பிழை தெரிகிறது" என்கிறார். சார்பு, பிழை, சொல்லணி மூன்றையும் பிரித்தறிய முறை ஏதும் உண்டா, பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பிடிக்க முடியுமா என்பது கேள்வி. பட்டியலைப் பற்றிய கேள்வி போல இருந்தாலும், இந்தப் பேச்சு என்னை ஏமாற்றுகிறதா அல்லது நன்றாகப் பேசப்பட்டிருக்கிறதா என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் பல வருடங்களாக விவாதமும் வாதப் பகுப்பாய்வும் கற்றுக்கொடுக்கிறேன். அதற்கு முன்பு சில காலம் பிறருக்கு மேடைப் பேச்சு எழுதிக் கொடுத்ததும் உண்டு. ஆகவே இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்ல முடியும்.

முதலில் மூன்றையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அணி என்பது ஒன்றைச் சொல்லும் விதம். பிழை என்பது காரணத்துக்கும் முடிவுக்கும் இடையே உள்ள முடிச்சு அவிழ்ந்திருப்பது. சார்பு என்பது எதைச் சொல்வது, எதை விடுவது என்ற தேர்வில் இருப்பது. ஒன்று இருந்தால் மற்றது இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அடுக்குமொழியில் மிதக்கும் ஒரு பேச்சு முழுக்க உண்மையாக இருக்கலாம். அலங்காரமே இல்லாமல், சரியான எண்களை மட்டும் வறட்சியாக வாசிக்கும் பேச்சு, எண்களைப் பொறுக்கிய விதத்தாலேயே கேட்பவரைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தலாம். இதில் சார்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாக்குக் கேட்டு வந்தவர் தன் பக்கத்தைத்தான் பேசுவார். வழக்கறிஞரிடம் நடுநிலையை யாரும் எதிர்பார்ப்பதில்லை. "இந்தப் பேச்சு சார்புடையது" என்று எழுதுவதில் பயன் இல்லை. "இந்தப் பேச்சு இன்ன விஷயத்தை விட்டுவிட்டது, அதைச் சேர்த்தால் முடிவு மாறும்" என்று எழுத முடிந்தால் மட்டுமே அது ஒரு விமர்சனம்.

அணிகளைப் பற்றி நிறைய சந்தேகப்படுகிறார்கள், அநியாயமாக. 1984இல் மாக்ஸ் அட்கின்சன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், அரசியல் பேச்சுகளின் ஒலி, ஒளிப் பதிவுகளை நுணுக்கமாகக் கேட்டு, கைதட்டல் எங்கே விழுகிறது என்று பார்த்தார். மூன்று மூன்றாக அடுக்கும் இடத்திலும், 'அது அல்ல, இது' என்று எதிர்நிலையில் நிறுத்தும் இடத்திலும் திரும்பத் திரும்ப விழுந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஜான் ஹெரிடேஜ், டேவிட் கிரேட்பாட்ச் இருவரும் கட்சி மாநாட்டுப் பேச்சுகளை நூற்றுக்கணக்கில் எடுத்துப் பார்த்தபோதும் அதுதான் தெரிந்தது: பெரும்பாலான கைதட்டல்கள் ஏழே ஏழு வகை வாக்கிய அமைப்புகளைத் தொடர்ந்து வந்தன. காரணம் மாயமில்லை. கூட்டத்தில் யாரும் தனியாகத் தட்ட விரும்புவதில்லை. மூன்றாவது சொல் வரும்போது வாக்கியம் முடியப்போகிறது என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடுகிறது. கைகளும் ஒன்றாக எழும்புகின்றன. அப்படியானால் கைதட்டல் கருத்துக்கு விழுந்ததா, அமைப்புக்கு விழுந்ததா? பாதிப் பாதி என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். 1940 ஜூனில் சர்ச்சில் 'போரிடுவோம்' என்பதை வாக்கியத்துக்கு வாக்கியம் திருப்பிச் சொன்னதும், 1961இல் பதவியேற்ற கென்னடி 'நாடு உனக்கு என்ன செய்யும் என்று கேட்காதே' என்று தொடங்கி வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பியதும் இதே தச்சுவேலைதான். அவை தேர்தல் பேச்சுகள் அல்ல. ஆனால் தேர்தல் பேச்சு எழுதுகிற யாரும் அவற்றைத்தான் முன்னால் வைத்துக்கொள்கிறார்கள். அடுக்குமொழியைக் கண்டதும் 'ஏமாற்று' என்று குறித்தால் நல்ல பேச்சு எல்லாமே குற்றவாளி ஆகிவிடும்.

ஆனால் எழுதுகிற பக்கத்திலிருந்து ஒரு ரகசியம் சொல்கிறேன். மூன்றாக அடுக்கும்போது முதல் இரண்டும் கையில் இருக்கும். மூன்றாவதுதான் பெரும்பாலும் கிடைக்காது. ஓசைக்காக ஏதோ ஒன்றைப் போடுவோம். ஆகவே அடுக்கு வந்தால் மூன்றாவதைத் தனியாக எடுத்து, "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டுப் பாருங்கள். சில நேரம் ஒன்றுமே இருக்காது.

இப்போது பிழைக்கு வருவோம். வைத்துக்கொள்ள ஒரு பழைய சட்டகம் போதும். மணிமேகலையின் பிற்பகுதியில் அறவணர் தருக்கம் சொல்லிக்கொடுக்கும் இடத்தில், ஒரு வாதம் எங்கெல்லாம் கெடும் என்பதை மூன்றாகப் பிரிக்கிறார்: நிறுவ வந்த கூற்றே கெட்டிருக்கலாம், சொல்லும் ஏது, அதாவது காரணம், கெட்டிருக்கலாம், காட்டும் எடுத்துக்காட்டு கெட்டிருக்கலாம். இணையத்தில் கிடைக்கும் நீளமான பட்டியல்களைவிட வகுப்பில் எனக்கு இது அதிகம் உதவியிருக்கிறது. பெயரை மறந்தாலும் எங்கே கை வைப்பது என்று தெரிந்துவிடும். இதோடு அரிஸ்டாட்டில் சொன்ன ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மேடைப் பேச்சாளர் தன் வாதத்தின் எல்லாப் படிகளையும் வெளியே சொல்வதில்லை. நடுவில் ஒரு படியைக் கேட்பவரே நிரப்பிக்கொள்ள விட்டுவிடுகிறார் என்பது அவர் கவனிப்பு. நாமே நிரப்பிய படியை நாம் சோதிப்பதில்லை, அது நம்முடையது என்பதால். 1964 அமெரிக்கத் தேர்தலில் அதிபர் ஜான்சன் தரப்பு ஒளிபரப்பிய பூப் பறிக்கும் சிறுமி விளம்பரம் இதன் உச்சம். சிறுமி இதழ்களை எண்ணுகிறாள், பிறகு ஏவுகணைக்கான எண்ணிக்கை, பிறகு அணு வெடிப்பு. எதிர் வேட்பாளர் பெயரே அதில் இல்லை. 'அவர் வந்தால் போர் வரும்' என்ற வாக்கியத்தைப் பார்த்தவர்கள்தான் எழுதிக்கொண்டார்கள். கட்டணம் கொடுத்து ஒரே ஒரு முறைதான் ஒளிபரப்பினார்கள். இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறோம்.

ஆகவே நான் சொல்லும் முறை ஒரே கேள்விதான்: இந்தக் காரணத்திலிருந்து இந்த முடிவுக்குப் போக, சொல்லாமல் விட்ட எந்த வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும்? அதை நீங்களே எழுதிப் பாருங்கள். வகுப்பில் பயன்படுத்த நானே கட்டிய ஒரு பத்தி இருக்கிறது, யாருடைய பேச்சும் அல்ல:

"நாங்கள் வந்தபோது கஜானா காலி, சாலைகள் காலி, உங்கள் நம்பிக்கையும் காலி. இன்று இந்த நகரத்தில் கொள்ளை 40 சதவீதம் குறைந்திருக்கிறது. எதிரணிக்கு இது கசக்கிறது. நீங்கள் நிம்மதியாகத் தூங்குவதில் அவர்களுக்கு என்ன வருத்தமோ! அவர்கள் தலைவரின் குடும்ப விவகாரங்களைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன், அது என் பண்பாடு அல்ல. உங்கள் முன் இருப்பது இரண்டே வழி: இந்த வெளிச்சமா, அந்த இருட்டா?"

முதல் வரியில் 'கஜானா காலி' சரிபார்க்கக் கூடிய கூற்று. வரவு செலவுக் கணக்கைப் பார்த்தால் தெரியும். 'சாலைகள் காலி' என்றால் என்ன? சாலையே இல்லையா, வண்டி ஓடவில்லையா? ஒன்றுமில்லை, ஓசை. முதல் 'காலி' உண்மையாக இருந்தால் அதன் நம்பகத்தன்மை அடுத்த இரண்டுக்கும் கசிந்துவிடும், அதற்காகத்தான் அந்த வரிசை. அடுத்து 40 சதவீதம். இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும், மாணவர்கள் இதை அதிவேகமாகக் கடந்துவிடுகிறார்கள். எந்த ஆண்டோடு ஒப்பிட்டு? 50 கொள்ளைகள் 30 ஆனாலும் 40 சதவீதம்தான், 5,000 என்பது 3,000 ஆனாலும் 40 சதவீதம்தான். ஒப்பிட எடுத்த ஆண்டில் கொள்ளை வழக்கத்துக்கு மாறாக உச்சத்தில் இருந்திருந்தால், யார் ஆண்டாலும் அடுத்தடுத்த ஆண்டுகளில் எண் இறங்கியிருக்கும். குறைந்தது நடந்த கொள்ளையா, பதிவான கொள்ளையா? புகாரை வாங்காமல் திருப்பி அனுப்பினாலும் எண் குறையும். கொள்ளை குறைந்து மோசடி கூடியிருந்தால் குற்றம் குறைந்ததா, இடம் மாறியதா? இத்தனையும் சரியாக இருந்தாலும், 'நாங்கள் வந்த பிறகு குறைந்தது' என்பதிலிருந்து 'எங்களால் குறைந்தது' என்பதற்குப் போக, அதே காலத்தில் பக்கத்து நகரங்களில் குறையவில்லை என்ற வாக்கியம் தேவை. அது பேச்சில் இல்லை. அது பொய் என்றும் நான் சொல்லவில்லை, பாருங்கள். இல்லை என்று மட்டும்தான் சொல்கிறேன்.

மூன்றாவது வரியில் எதிரணி சொன்னதற்குப் பதில் இல்லை. அவர்கள் 'இந்தக் கணக்கு தப்பு' என்று சொல்லியிருக்கலாம், பேச்சில் அது 'நீங்கள் தூங்குவது பிடிக்கவில்லை' என்று மாறிவிட்டது. சொல்லாததைச் சொன்னதாக்கி அடிப்பதும், வாதத்தை விட்டு நோக்கத்தைக் குறை சொல்வதும் ஒரே மூச்சில். நான்காவது வரி எனக்கு மிகவும் பிடித்தமானது, கைத்திறனுக்காக. பேச மாட்டேன் என்று சொல்லியே பேசுவது. பண்டைய ரோமின் பேச்சாளர் சிசரோ நீதிமன்றத்திலும் செனட்டிலும் ஆசையோடு பயன்படுத்திய உத்தி, இரண்டாயிரம் ஆண்டுகளாகத் துருப்பிடிக்கவில்லை. 'குடும்ப விவகாரம்' என்று ஒன்று இருப்பதாகக் கேட்டவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். என்ன ஆதாரம் என்று கேட்டால், "நான்தான் ஒன்றும் சொல்லவில்லையே" என்று கையை விரித்துவிடலாம். கடைசி வரியின் இரண்டே வழி உங்களுக்கே தெரியும், விளக்கம் வேண்டாம். ஒன்று மட்டும்: இருவர் மட்டுமே போட்டியிடும் தேர்தலில் 'இவரா அவரா' என்பது பிழையே அல்ல. வாக்குச்சீட்டில் உண்மையிலேயே இரண்டு பெயர்தான் இருக்கிறது. வெளிச்சம், இருட்டு என்று கொள்கைகளை இரண்டாக அடைப்பதில்தான் கோளாறு.

கட்டிய உதாரணம் வசதியாகத்தான் இருக்கும், உண்மையான ஒன்றையும் பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறுவது பற்றி 2016இல் பிரிட்டனில் நடந்த பொதுவாக்கெடுப்பில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு எண்ணைத் தூக்கிப் பிடித்தன. வெளியேற வேண்டும் என்றவர்கள், வாரத்துக்கு 35 கோடி பவுண்ட் ஒன்றியத்துக்குப் போகிறது, அதை மருத்துவ சேவைக்குக் கொடுக்கலாம் என்று பேருந்திலேயே எழுதிக்கொண்டு போனார்கள். அது மொத்தக் கணக்கு. பிரிட்டனுக்கு உரிய தள்ளுபடி கழிக்கப்பட்ட பிறகுதான் பணமே அனுப்பப்பட்டது, அனுப்பியதிலும் ஒரு பகுதி மானியங்களாகத் திரும்பி வந்தது. நாட்டின் புள்ளியியல் ஆணையம் இதை வெளிப்படையாகவே கண்டித்தது. நீடிக்க வேண்டும் என்றவர்கள், வெளியேறினால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆண்டுக்கு 4,300 பவுண்ட் நஷ்டம் என்றார்கள். அது 2030 வாக்கில் நாட்டின் மொத்த உற்பத்தி, வெளியேறாமல் இருந்திருந்தால் எவ்வளவு வளர்ந்திருக்குமோ அதைவிடக் குறைவாக இருக்கும் என்ற ஒரு மதிப்பீட்டை, குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தது. எந்தக் குடும்பத்தின் வருமானமும் அல்ல. இன்றைய நிலையிலிருந்து குறைவதும் அல்ல. நாடாளுமன்றத்தின் நிதிக் குழு இரண்டையுமே விமர்சித்தது. இந்த இரண்டில் ஒன்றைப் படித்தபோது 'அயோக்கியத்தனம்' என்றும், இன்னொன்றைப் படித்தபோது 'சரி, கொஞ்சம் மிகைப்படுத்தல்' என்றும் தோன்றியிருந்தால், உங்கள் நண்பர் சொன்னது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

பட்டியலின் பெரிய குறை இன்னொன்று உண்டு. பட்டியலில் இருக்கும் பெயர்கள் பலவும் எல்லா நேரத்திலும் பிழை அல்ல. தனிநபரைத் தாக்குவது பிழை என்று எழுதியிருப்பார்கள். கணிதத் தேற்றத்தை நிறுவுபவர் நல்லவரா கெட்டவரா என்பது தேற்றத்துக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் தேர்தலில் நாம் தேர்ந்தெடுப்பதே ஒரு நபரை. அவர் முன்பு கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாரா, பொதுப்பணத்தை எப்படிக் கையாண்டார் என்பதெல்லாம் சம்பந்தமுள்ள கேள்விகள். அவர் உடை, உச்சரிப்பு, பிறப்பு ஆகியவை சம்பந்தமில்லாதவை. அச்சமூட்டுவதும் அப்படியே: அணை உண்மையிலேயே விரிசல் விட்டிருந்தால் பயமுறுத்துவதுதான் பொறுப்பான பேச்சு. நடுவில் நிற்கும் உதாரணம் ஒன்று சொல்கிறேன். 1980 அக்டோபரில் அப்போதைய அமெரிக்க அதிபர் கார்ட்டருடன் நடந்த விவாதத்தின் முடிவில், அவரை எதிர்த்துப் போட்டியிட்ட ரீகன், நான்கு ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா என்று மக்களைக் கேட்டார். அந்த நான்கு ஆண்டுகளில் நடந்த எல்லாவற்றுக்கும் அதிபரே பொறுப்பு என்பது சொல்லாமல் விட்ட வாக்கியம். 1979 எண்ணெய் விலை உயர்வு எந்த அதிபர் இருந்தாலும் வந்திருக்கும் என்று பார்த்தால் கேள்வி வழுக்குகிறது. ஆட்சியில் இருப்பவரை விளைவை வைத்து எடைபோட வாக்காளருக்கு வேறு என்ன கருவி இருக்கிறது என்று பார்த்தால் கேள்வி நியாயமானது. எனக்கு இரண்டாவது பக்கமே கொஞ்சம் கூடுதலாகச் சாய்வு. என் சக ஆசிரியர்கள் பலர் ஒத்துக்கொள்வதில்லை.

உங்கள் நண்பரின் குற்றச்சாட்டுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் இந்தத் துறையில் உறுதியாகச் சொல்லக் கூடியது அதுதான். 1951இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன், டார்ட்மத் கல்வி நிறுவனங்களுக்கு இடையே முரட்டுத்தனமான ஓர் அமெரிக்கக் கால்பந்துப் போட்டி நடந்தது. அதன் படச்சுருளை இரண்டு பக்க மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள் ஆய்வாளர்கள். டார்ட்மத் அணியின் மீறல்களை அதன் மாணவர்கள் எண்ணியதைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணினார்கள். படம் ஒன்றே. பேச்சுக்கும் இது அப்படியே பொருந்தும். அறிவும் பயிற்சியும் இதைக் குறைக்குமா என்பதில்தான் நிச்சயமில்லை. டான் கஹான் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு செய்த ஆய்வில், எண்களைக் கையாளத் தெரிந்தவர்கள்தான் தங்கள் அரசியலுக்கு ஏற்றபடி தரவை அதிகம் வளைத்தார்கள் என்று வந்தது, பரபரப்பாகப் பேசப்பட்டது. பின்னர் வேறொரு குழு அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது வளைப்பது இருந்தது, திறமையோடு சேர்ந்து அது கூடுவது தெரியவில்லை. ஆக, திறமை நம்மைக் கெடுக்கிறது என்று சொல்ல முடியாது. காப்பாற்றும் என்று நம்பவும் வேண்டாம். பெயரை மாற்றிப் படிப்பது ஓரளவு உதவுகிறது. பேச்சின் எழுத்து வடிவத்தை எடுத்து, கட்சி, தலைவர், ஊர் பெயர்களை அழித்துவிட்டு எதிர்ப்பக்கப் பெயர்களைப் போட்டு வாசியுங்கள். திடீரென்று கோபம் வரும் வாக்கியம் எதுவோ அதுதான் முதல் வாசிப்பில் உங்களை ஏமாற்றியிருந்த வாக்கியம்.

கேட்பவரின் சாய்வில் இன்னொன்று, எண்ணின் முகம். 1981இல் உளவியலாளர்கள் த்வெர்ஸ்கியும் கானெமனும் 600 பேரைத் தாக்கும் ஒரு கற்பனை நோயை வைத்துச் சோதித்தார்கள். '200 பேர் நிச்சயம் பிழைப்பார்கள்' என்று சொன்ன திட்டத்தை 72 சதவீதம் பேர் தேர்ந்தெடுத்தார்கள். அதே திட்டத்தை '400 பேர் நிச்சயம் இறப்பார்கள்' என்று வேறொரு குழுவுக்குச் சொன்னபோது 22 சதவீதம்தான் எடுத்தார்கள். ஆளும் தரப்பு வேலைவாய்ப்பைப் பற்றியும் எதிர்த்தரப்பு வேலையின்மையைப் பற்றியும் பேசுவது இதனால்தான். இரண்டும் ஒரே அட்டவணையின் இரண்டு வரிகளாக இருக்கும்.

சந்தேகத்துக்குரியவற்றையும் சொல்லிவிட வேண்டும். பேச்சில் பிழை இருக்கிறது என்று காட்டலாம். பேசியவர் தெரிந்தே செய்தார் என்று பேச்சை மட்டும் வைத்துக் காட்ட முடியாது. தானே நம்பிக்கொண்டு தவறாகப் பேசுபவர்கள் ஏராளம். அப்புறம், இந்த உத்திகள் எவ்வளவு வாக்கைப் பெயர்க்கின்றன என்பது. 1960 கென்னடி, நிக்சன் விவாதத்தை வானொலியில் கேட்டவர்கள் நிக்சன் வென்றதாகவும், தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கென்னடி வென்றதாகவும் நினைத்தார்கள் என்ற கதையை எல்லா மேடைப் பயிற்சியிலும் சொல்வார்கள். அதன் ஆதாரம் மிகப் பலவீனமானது என்று 1987லேயே விரிவாக எழுதிவிட்டார்கள்; வானொலி மட்டும் கேட்ட மக்கள் வேறு வகையானவர்கள், விவாதத்துக்கு முன்பே நிக்சன் பக்கம் சாய்ந்திருக்க வாய்ப்புள்ளவர்கள். 2018இல் ஜோஷுவா கல்லா, டேவிட் புரூக்மேன் என்ற இரண்டு அரசியல் ஆய்வாளர்கள் அமெரிக்கப் பொதுத்தேர்தல்களில் நடந்த களச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, வீட்டுக்கு வருவது, விளம்பரம் அனுப்புவது போன்றவற்றால் யாருக்கு வாக்களிப்பது என்ற முடிவு சராசரியாக மாறுவதே இல்லை என்று சொல்லும் அளவுக்கு வந்தார்கள். மேடைப் பேச்சை அது நேரடியாக அளக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிழையைச் சுட்டிக்காட்டினால் மக்கள் அதை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்வார்கள் என்று 2010 முதல் சொல்லி வந்தது பின்னர் பெரிய ஆய்வுகளில் தாங்கவில்லை. திருத்தத்தைப் படித்தவர்கள் பெரும்பாலும் தகவலைத் திருத்திக்கொள்கிறார்கள். அந்த வேட்பாளரைப் பிடிப்பது மட்டும் அப்படியே இருக்கிறது. ஆகவே நண்பரிடம் ஒரு பிழையை நிரூபித்துவிட்டு அவர் வாக்கை மாற்றுவார் என்று காத்திருக்காதீர்கள். முடிவும் தப்பு என்று அதனால் ஆகிவிடாது. மோசமான காரணம் சொல்லி நல்ல திட்டத்தை ஆதரிப்பவர்கள் எல்லாக் கட்சியிலும் உண்டு.

கேட்டுக்கொண்டிருக்கும்போதே பிடிக்க முடியுமா என்றால், பெரும்பாலும் முடியாது. வாக்கியம் ஓடிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் இருப்பவர் கைதட்டுவார், நீங்களும் தட்டுவீர்கள். நான் நேரடிப் பேச்சில் இரண்டை மட்டும் காகிதத்தில் குறிக்கிறேன்: எண் வந்தால் அந்த எண்ணும் அதோடு சொன்ன ஆண்டும், எதிராளி இப்படிச் சொன்னார் என்று வந்தால் அந்தக் கூற்று. முதலாவதை அதிகாரப்பூர்வ அறிக்கையில் தேடலாம், இரண்டாவதை எதிராளியின் முழுப் பேச்சில் தேடலாம். ஆண்டு சொல்லப்படவில்லை என்றால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுக் கோடு போட்டு வைக்கிறேன். மற்றதெல்லாம் எழுத்து வடிவம் கிடைத்த பிறகுதான்.